அப்பாவின் சிட்டை

ஃபேர்ஃபேக்ஸ், வர்ஜீனியா
நவம்பர் 16

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். அம்மா வைத்து அனுப்பிய ஸ்வெட்டர் இந்தக் குளிருக்குப் போதவில்லை. பழைய துணிக்கடையில் ஒரு கோட்டு வாங்கிவிட்டேன். இந்த மாதம் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிட்டார்கள். இனி நமக்குள் பத்தரை மணி நேர வித்தியாசம். நீங்கள் காலை ஏழுக்குக் கடை திறக்கும்போது எனக்கு முந்தின நாள் இரவு எட்டரை. அப்போது கூப்பிடுங்கள்.

போனில் என்றால் இரண்டு நிமிடத்தில் அம்மாவிடம் கொடுத்துவிடுகிறீர்கள், அதனால்தான் எழுதுகிறேன். ‘கம்ப்யூட்டர் இன்ஜினியரிங்தானே?’ என்று சித்தப்பா கேட்டாராம். இல்லை. நான் படிக்கும் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் இந்தப் படிப்புக்குக் கம்ப்யூடேஷனல் அண்ட் டேட்டா சயின்சஸ் என்று பெயர். நேரில் செய்து பார்க்க முடியாததை, ஓர் ஊரில் காய்ச்சல் பரவுவதையோ புயல் நகர்வதையோ, கணக்காக எழுதிக் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்ப்பது ஒரு பாதி. குவிந்து கிடக்கும் விவரங்களிலிருந்து உண்மையைப் பிரித்தெடுப்பது மறுபாதி. பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதுவதைவிட கணிதம்தான் ஆளை வாட்டுகிறது.

போன வாரம் வகுப்பில் உங்களை நினைத்துச் சிரித்தேன். 0.1-உடன் 0.2-ஐக் கூட்டச் சொன்னால் கம்ப்யூட்டர் 0.30000000000000004 என்கிறது! ஐந்தொகையில் நாலணா இடித்தாலும் இரவு சாப்பிடாமல் தேடுகிறவர் நீங்கள். இதை வேலைக்கே வைத்திருக்க மாட்டீர்கள். காரணம் எளிது. ஒன்றை மூன்றால் வகுத்தால் நமக்கு 0.333 என்று முடியாமல் போகிறது அல்லவா? பூஜ்யமும் ஒன்றும் மட்டுமே தெரிந்த அதற்குப் பத்தில் ஒரு பங்கு அப்படி. எங்கோ ஓரிடத்தில் வெட்டித்தான் ஆக வேண்டும்.

வெட்டியது தூசிதானே என்றுதான் நானும் நினைத்தேன். 1991 பிப்ரவரியில், வளைகுடாப் போரின்போது, சவூதியின் தஹ்ரானில் இருந்த, எதிரி ஏவுகணையை வானிலேயே தடுக்கும் பேட்ரியாட் ஏவுகணைத் தளம் நேரத்தை விநாடியில் பத்தில் ஒரு பங்காக எண்ணிக்கொண்டிருந்தது. சுமார் 100 மணி நேரம் நிறுத்தாமல் ஓடியதில் அந்தத் தூசி சேர்ந்து 0.34 விநாடியாகிவிட்டது. அதற்குள் ஈராக்கின் ஸ்கட் ஏவுகணை அரை கிலோமீட்டருக்கு மேல் பறந்துவிடும். பேட்ரியாட் அதைத் தவறான இடத்தில் தேடியது, தடுக்கவில்லை. 28 அமெரிக்க வீரர்கள் இறந்தார்கள். வகுப்பில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

வானிலைக் கணக்கும் அப்படித்தான். 1961-இல் எட்வர்ட் லோரன்ஸ் என்ற வானிலை ஆய்வாளர் கம்ப்யூட்டரில் 0.506127 என்ற இடத்தில் 0.506 என்று தட்டிவிட்டுக் காப்பி குடிக்கப் போனார். திரும்பி வந்து பார்த்தால் வேறு வானிலை வந்திருக்கிறது. மழை வரும் என்று சொல்லி ஏமாற்றுகிறார்கள் என்று ரேடியோவை இனி ரொம்பத் திட்டாதீர்கள்.

அப்புறம், இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் ஆஷ்பர்ன் என்று ஓர் ஊர். சாலையின் இருபுறமும் டேட்டா சென்டர்கள், அதாவது கம்ப்யூட்டர்களை அடுக்கி வைத்திருக்கும் இடங்கள். ஜன்னலே இல்லாத நீளக் கட்டடங்கள். பார்த்ததும் விருதுநகர்க் குடோன்கள் ஞாபகம் வந்தது, மிளகாய் நெடி மட்டும் இல்லை.

சரி, இனி காரியத்துக்கு வருகிறேன். அடுத்த பருவத்தில் நாங்களே விவரம் சேர்த்து ஒரு ஆய்வு செய்ய வேண்டும். எல்லோரும் இணையத்தில் எடுக்கிறார்கள். எனக்கு நம் பரணில் இருக்கும் பழைய சிட்டைகள் வேண்டும், நீங்கள் தினமும் மிளகாய் வற்றல் விலை எழுதி வைத்தவை. ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். செல்லரித்த பக்கத்தையும் விட வேண்டாம். விலை எழுதாத நாட்களில் கடை அடைப்பா, சரக்கு வரவில்லையா, மறந்துவிட்டீர்களா என்று ஓரத்தில் குறித்துவிடுங்கள். வெறும் கட்டத்தைப் பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டால் மொத்தமும் கெட்டுவிடும்.

படத்தைத் தம்பியே எடுக்கட்டும். நீங்கள் எடுத்தால் பாதிப் பக்கத்தில் கட்டை விரல்தான் இருக்கும்.

அன்புடன்,
உங்கள் பாப்பா