எடை மிஷினுக்குப் பக்கத்தில் ஒரு இஞ்ச் டேப்பும் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

எடையை உயரத்தோடு ஒப்பிடும் பிஎம்ஐ (உடல் நிறை குறியீட்டெண்) கணக்குப் போட்டு எடை சரியா என்று பார்த்துக்கொள்ளச் சொல்லும் அட்டவணைகள் பத்திரிகைகளில் அடிக்கடி வருகின்றன, நானும் அதை நம்பி வீட்டில் எல்லோருக்கும் போட்டுப் பார்த்தவள்தான். என் அண்ணன் உயரம் 170 சென்டிமீட்டர், எடை 65 கிலோ. 65ஐ 1.7ஆல் இரண்டு முறை வகுத்தால் 22.5 வரும். ஒரு பரிசோதனை முகாமில் அந்த எண்ணை எழுதி, பக்கத்தில் 'நார்மல்' என்று டிக் அடித்து அனுப்பிவிட்டார்கள். இரண்டு வருடம் கழித்து வேறு எதற்கோ ரத்தம் எடுத்தபோதுதான் சர்க்கரை நோய் என்று தெரிந்தது.

அப்போது பார்த்த மருத்துவர் டேப்பை எடுத்தார். "பேண்ட் சைஸ் 34தான் டாக்டர்" என்றார் அண்ணன், ஆனால் அவர் பேண்ட் போடுவது தொப்பைக்குக் கீழே. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், வயிற்றை எக்காமல், மூச்சை இயல்பாக விட்டபிறகு அளந்தால் 96 சென்டிமீட்டர், கிட்டத்தட்ட 38 இஞ்ச்! இடுப்பு உயரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டுமாம், அதாவது அவருக்கு 85க்குள். முகாமில் இதை அளக்க ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

பிஎம்ஐக்குத் தெரிந்தது எடையும் உயரமும் மட்டும்தான். அந்த எடையில் தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு, கொழுப்பு தொடையில் இருக்கிறதா இல்லை கல்லீரலையும் குடலையும் சுற்றி இருக்கிறதா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது, ஆனால் சர்க்கரைக்கும் இதய நோய்க்கும் வழி செய்வது பெரும்பாலும் வயிற்றுக்குள் சேரும் அந்தக் கொழுப்புதான். இந்தக் கணக்கை 19ஆம் நூற்றாண்டில் போட்ட பெல்ஜியத்துக்காரர் கெட்லே மருத்துவரே இல்லை, மக்கள்தொகையின் சராசரியை ஆராய்ந்த புள்ளியியலாளர். 2004இல் லான்செட் மருத்துவ இதழில் யாக்னிக், யட்கின் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் தங்கள் படத்தையே போட்டார்கள். இருவருக்கும் பிஎம்ஐ 22.3, ஆனால் உடல் கொழுப்பு ஒருவருக்கு 9.1 சதவீதம், இன்னொருவருக்கு 21.2 சதவீதம். அதே ஆண்டில்தான் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழுவும், ஆசிய மக்களுக்கு, அதிக எடை என்று வழக்கமாகச் சொல்லும் 25 வரை காத்திருக்காமல் 23லேயே கவனிக்கத் தொடங்க வேண்டும் என்று சொன்னது. அப்படியும் அண்ணனின் 22.5 தப்பித்துவிடுகிறது, பாருங்கள்.

அதற்காக பிஎம்ஐயைத் தூக்கிப்போடச் சொல்லவில்லை. 30ஐத் தாண்டினாலோ 18.5க்குக் கீழே போனாலோ அலட்சியமாக இருக்கக்கூடாது. உடற்பயிற்சியால் தசை ஏறியவர்களுக்கு எண் அதிகமாகக் காட்டலாம், கர்ப்பிணிகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அப்புறம் குழந்தைகளுக்குப் பெரியவர்களின் அட்டவணையை வைத்துப் பார்ப்பது தவறு, அவர்களுக்கு வயது, ஆண் பெண் வாரியாகத் தனி வரைபடம் உண்டு. இதைத் தெரியாமல் வளரும் பிள்ளைகளைப் பட்டினி போடுகிற பெற்றோரை நினைத்தால் மனசு பதறுகிறது.

அடுத்த முறை நீங்கள் பிஎம்ஐ அட்டவணை வெளியிடும்போது, இடுப்பை எந்த இடத்தில் வைத்து அளப்பது என்று ஒரு சின்னப் படத்தையும் அதன் கீழே சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி