சைக்கிளுக்காகப் போட்ட ரோடு இல்லை அது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். உங்கள் பயணச் சிறப்பிதழில் பின்லாந்து ஏரிப் பகுதியில் சைக்கிள் ஓட்டுவது பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். பின்லாந்து என்றாலே துருவ ஒளியும் சாண்டா கிராமமும்தான் என்று எழுதுகிறவர்களுக்கு நடுவே, ஒருவர் தெற்கே ஏரிப் பக்கம் வந்து பார்த்திருக்கிறாரே என்று சந்தோஷமாக இருந்தது. ஆனால் அரசாங்கம் சைக்கிள்காரர்களுக்காகவே காட்டுக்குள் கார் நுழையாத பாதைகளைப் போட்டு வைத்திருக்கிறது என்ற பொருளில் அதில் ஒரு பத்தி இருக்கிறது. லஹ்தி ஊருக்குப் பக்கத்தில் குடியிருந்து, கோடைக்காலத்துச் சனி ஞாயிறுகளை இந்தச் சரளை ரோடுகளிலேயே கழிக்கிறவன் நான். அந்தப் பத்தியைத் திருத்தத்தான் இந்தக் கடிதம்.

அந்த ரோடுகள் சைக்கிளுக்காகப் போட்டவை அல்ல, மர லாரிக்காகப் போட்டவை. முன்பெல்லாம் வெட்டிய மரத்தை ஆற்றிலும் ஏரியிலும் மிதக்கவிட்டு ஆலைக்குக் கொண்டுபோனார்கள். லாரிகள் வந்தபின் மரம் நிற்கும் இடம்வரை ரோடு வேண்டியிருந்தது. 1960களிலிருந்து காட்டுக்குள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்குச் சரளை கொட்டினார்கள். இன்று இந்த நாட்டில் அரசு நெடுஞ்சாலைகள் சுமார் 78,000 கிலோமீட்டர். அதிலேயே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தார் போடாதவை. தனியார் ரோடுகளும் காட்டு ரோடுகளும் தனியாகச் சுமார் மூன்றரை லட்சம் கிலோமீட்டர். ஜனத்தொகையோ 56 லட்சம் சொச்சம்தான், அதிலும் பெரும்பாலோர் நகரங்களில். அங்கே வண்டி இல்லாததற்குக் காரணம் யாரும் தடுத்து வைத்தது அல்ல. அந்தப் பக்கம் யாருக்கும் அன்றாடம் வேலை இல்லை, அவ்வளவுதான். கார் வரலாம், சட்டப்படி வரவும் செய்யும். பாதி நாள் ஓட்டியும் ஒரு வண்டியைக்கூடப் பார்க்காமல் திரும்புவது சாதாரணம் என்றாலும், "கார் வராத பாதை" என்று நம்பி, காதில் பாட்டை மாட்டிக்கொண்டு நடு ரோட்டில் போகிறவருக்கு அது ஆபத்து.

ஆபத்து என்று சும்மா சொல்லவில்லை. 2013 முதல் இங்கே லாரிகள் 76 டன் வரை எடையோடு ஓடலாம். மரம் ஏற்றிய அப்படி ஒரு லாரி, பின்னால் டிரெய்லரோடு, ஒரு வண்டி அகல ரோட்டில் வளைவு திரும்பி வந்தால் ஓட்டுநரால் சட்டென்று நிறுத்த முடியாது. நாம்தான் இறங்கி, சைக்கிளைத் தூக்கிக்கொண்டு, பில்பெர்ரி என்கிற காட்டுப் பழச் செடிக்குள் நிற்க வேண்டும். லாரி போனபின்பும் புழுதி அடங்கும்வரை கொஞ்ச நேரம் காத்திருப்பது நல்லது, பின்னாலேயே இன்னொன்று வந்தாலும் வரும். அப்புறம் கோடைக்கால வெள்ளிக்கிழமை சாயங்காலம். நாட்டில் சுமார் ஐந்து லட்சம் கோடை வீடுகள் இருக்கின்றன, முக்கால்வாசி ஏதாவது நீர்க்கரையில். அந்த ஒரு வேளை மட்டும் எல்லோரும் சாமான் மூட்டையோடு காட்டுக்குள்தான் வருகிறார்கள். அந்த நேரத்தில் நான் கிளம்புவதே இல்லை.

கட்டுரையில் விடுபட்ட இன்னொன்று, இந்த ரோடுகளை யார் பராமரிக்கிறார்கள் என்பது. பின்லாந்துக் காடுகளில் பாதிக்கு மேல் சாதாரணக் குடும்பங்களின் சொத்து. ஒரு ரோட்டை ஒட்டி நிலமோ வீடோ வைத்திருப்பவர்கள் சேர்ந்து ஒரு சாலைக் குழு வைத்துக்கொள்கிறார்கள். ரோட்டை யார் எவ்வளவு பயன்படுத்துகிறார்களோ, அதற்குத் தக்கபடி ஆளுக்குப் பங்குப் பணம். 2019இல் இதற்கான சட்டத்தையே புதுப்பித்தார்கள். அரசு மானியம் வாங்கிய ரோடு என்றால் மற்றவர்கள் போவதைக் குழு தடுக்கக் கூடாது. மானியம் வாங்காத ரோட்டில் மோட்டார் வண்டிகளுக்குத் தடை போடலாம், குறுக்கே கட்டையும் வைக்கலாம். சைக்கிள் அப்போதும் ஓரமாகப் போய்விடலாம்.

நாங்கள் இருக்கும் பக்கத்தில் ரோட்டைப் பராமரிக்கும் வேலையைச் செய்பவர் ஓய்வுபெற்ற ஒரு பெரியவர். வசந்தம் முடியும் சமயம் டிராக்டருக்குப் பின்னால் இரும்பு அலகை மாட்டிக்கொண்டு, இரண்டு ஓரங்களிலும் ஒதுங்கிப்போன சரளையை நடுவுக்கு இழுத்துக்கொண்டே மெதுவாகப் போவார். நடு உயர்ந்து ஓரம் தாழ்ந்திருந்தால்தான் மழைத் தண்ணீர் வடியும். அதற்குப் பின்னால் கால்சியம் குளோரைடு தூவுவார்கள். அந்த உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து மண்ணைப் பிடித்து வைக்கும், புழுதி கிளம்பாது. தூவிய புதிதில் மழை பெய்தால் அந்தச் சேறு செயினில் அப்பிக்கொண்டு இரண்டே நாளில் துரு ஏற்றிவிடும். வீட்டுக்கு வந்ததும் கழுவியே ஆக வேண்டும். இழுத்துச் சமன் செய்து நாளான ரோட்டிலோ ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் மேல் ஓட்டுவதுபோல் கை மரத்துப்போகும். 40 மில்லிமீட்டருக்குக் குறையாத டயர், அதிலும் காற்றைக் கொஞ்சம் குறைத்து வைத்தால் சமாளிக்கலாம்.

சரி, அந்தப் பெரியவர் காசு போட்டுப் பராமரிக்கும் ரோட்டில் நான் எப்படி ஓட்டுகிறேன்? இங்கே யாருடைய நிலத்திலும் நடக்க, சைக்கிள் ஓட்ட, பனிச்சறுக்கிப் போக, பெர்ரி பறிக்க எல்லோருக்கும் உரிமை உண்டு. தேசம் எது என்று யாரும் கேட்பதில்லை. ஒரே சட்டமாக எங்கேயும் எழுதி வைக்கவில்லை. பழைய வழக்கமும் பல சட்டங்களின் பிரிவுகளும் சேர்ந்துதான் அந்த உரிமை. எல்லையும் உண்டு. வீட்டு முற்றத்துக்குள் போகக் கூடாது, விளைந்த வயலில் இறங்கக் கூடாது, நிலத்துக்காரர் அனுமதி இல்லாமல் தீ மூட்டக் கூடாது, காட்டுத்தீ எச்சரிக்கை இருக்கும் நாளில் வெட்டவெளியில் எங்கேயுமே மூட்டக் கூடாது. கட்டுரையில் "ஏரிக்கரையில் எங்கே வேண்டுமானாலும் கூடாரம் அடித்துச் சமைக்கலாம்" என்கிற மாதிரி எழுதியிருப்பது இதனால்தான் என்னை உறுத்தியது. வழி தவறி யாரோ ஒருவரின் படகுத்துறையில் போய் உட்கார்ந்து சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிப்பவர்களை நானே பார்த்திருக்கிறேன். வீட்டுக்காரர் திட்டமாட்டார், எதுவுமே பேசமாட்டார். ஆனால் அடுத்த வருஷம் அந்த ரோட்டில் குறுக்குக் கட்டை வந்திருக்கும்.

காடு என்றதும் ஆதிகாலத்துக் காடு என்று வாசகர்கள் நினைத்துக்கொள்ள வேண்டாம். பெரும்பகுதி வெட்டுவதற்காகவே வளர்ப்பது. பைன் மரங்களுக்கு நடுவே அருமையாகப் போய்க்கொண்டிருக்கும் ரோடு ஒரு வளைவு திரும்பியதும், நான்கைந்து ஃபுட்பால் மைதான அகலத்துக்கு வெறும் அடிமரங்கள் நிற்கும். முதல் தடவை பார்க்கிறவர்களுக்கு மனசு கஷ்டமாக இருக்கும். ஆனால் நாம் ஓட்டுகிற ரோடு அந்த வெட்டுக்காகத்தான் இருக்கிறது.

இடம் எது என்று கேட்பவர்களுக்கு: ஹெல்சிங்கியிலிருந்து லஹ்தி ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். முன்பதிவு செய்தால் இன்டர்சிட்டியில் சைக்கிளையும் ஏற்றலாம். லஹ்திக்கு வடக்கே வெசியார்வி ஏரி, அதைத் தாண்டி 1871இல் திறந்த வாக்ஸி கால்வாய், அதற்கப்பால் நாட்டின் இரண்டாவது பெரிய ஏரியான பாய்யானே. ஹெல்சிங்கி மக்கள் குழாயில் குடிப்பது இந்த ஏரித் தண்ணீர்தான். பாறையைக் குடைந்து 120 கிலோமீட்டருக்குச் சுரங்கம் போட்டு 1982இல் வேலையை முடித்தார்கள். ஊரை ஒட்டிப் போகும் சல்பவுஸ்ஸெல்கா மேடு, பனியுகம் முடியும் சமயம் சுமார் 12,000 வருஷத்துக்கு முன் உருகிக்கொண்டிருந்த பனிப்பாளத்தின் விளிம்பில் மணலும் கூழாங்கல்லும் குவிந்து உண்டானது. அந்தப் பகுதியை 2022இல் யுனெஸ்கோ உலகப் புவிப்பூங்காவாக அறிவித்தது. ஏரிகளைத் தோண்டியதும் அந்தப் பனிதான், ரோட்டுக்குச் சரளை தந்ததும் அதுதான். உங்கள் கட்டுரையாளர் சிலாகித்த புல்க்கிலன்ஹார்யு மேடு, இரண்டு பக்கமும் தண்ணீரோடு, உண்மையிலேயே பார்க்க வேண்டிய இடம். ஆனால் அதன்மேல் போவது தார் ரோடு, கோடையில் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் நிறைய. வண்டி இல்லாமல் ஓட்ட வேண்டுமென்றால் மேற்கே எவோ காட்டுப் பக்கம் போவது மேல்.

பார்முலா ஒன் ஓட்டுநர் வால்டேரி போட்டாஸ் இந்தப் பக்கத்துப் பையன். அவர் பங்கெடுத்துத் தொடங்கிய கிராவல் பந்தயம், அதாவது சரளை ரோட்டுச் சைக்கிள் பந்தயம், 2023 முதல் லஹ்தியில் நடக்கிறது. அன்று ஒரு நாள் தனிமையை எதிர்பார்க்க வேண்டாம்.

கடைசியாக, பருவம். பள்ளி விடுமுறைக்கு ஏற்றபடி ஏப்ரல் கடைசியில் போகலாம் என்று கட்டுரை யோசனை சொல்கிறது. தயவுசெய்து வேண்டாம். அப்போது ரோட்டின் மேல் மண் உருகியிருக்கும், அடியில் பனிக்கட்டி இறுகிக் கிடக்கும். தண்ணீர் கீழே இறங்க வழியில்லாமல் ரோடு முழுவதும் களியாகிவிடும். சில ரோடுகளில் கனரக வண்டிகளுக்கே தடை போடுவார்கள். அந்தக் களியில் சைக்கிள் விட்டால் நாம் புதைவதோடு, அந்தப் பெரியவருடைய ரோட்டையும் தடம் போட்டுக் கெடுத்துவிட்டு வருவோம். ஜூன் முதல் செப்டம்பர் வரைதான் சரி. ஜூனில் ராத்திரி பத்தரைக்கும் வெளிச்சம் இருக்கும், கொசுவும் இருக்கும். உண்ணி கடிக்கும், காலைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆகஸ்டில் பில்பெர்ரி, கொசு குறைவு. என்னைக் கேட்டால் அதுதான் மாதம். அக்டோபரில் மூஸ் என்கிற பெரிய மானின் வேட்டை தொடங்கிவிடும், போனால் ஆரஞ்சுச் சட்டை போட்டுக்கொண்டு போகலாம். கிராமத்துக் கடைகள் பல மூடிவிட்டதால் சாப்பாட்டையும் தண்ணீரையும் கையோடு கொண்டுபோக வேண்டும்.

அடுத்த இதழில் இடமிருந்தால் பருவத்தைப் பற்றிய திருத்தத்தையாவது போடுங்கள். கட்டுரையோடு வந்த படத்தையும் மாற்றினால் நல்லது. பனி மேல் இரண்டு இணைகோடுகள் ஓடுகிற அந்தப் பாதை பனிச்சறுக்குத் தடம், சைக்கிள் பாதை இல்லை. அதில் சைக்கிளை விட்டால் இங்கே திட்டாதவர்கள்கூடத் திட்டுவார்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
லஹ்தி, பின்லாந்து