51 தோல்விகளுக்குப் பின்னால்

ஆசிரியருக்கு,

ஏஎஃப்எல் (ஆஸ்திரேலியக் கால்பந்து லீக்) செய்திகள் நிறைய போடுகிறீர்கள். சரி, 1859-இல் தொடங்கிய மெல்பர்ன் பல்கலைக்கழகக் கிளப்பைப் பற்றியும் எழுதுங்கள். 1908 முதல் 1914 வரை ஏஎஃப்எல்லின் முன்னோடியான விஎஃப்எல் (விக்டோரியக் கால்பந்து லீக்) போட்டிகளில் ஆடிய அணி அது. 1911-இல் ஆட்டக்காரர்களுக்குப் பணம் தர லீக் அனுமதித்தது. இவர்களோ வாங்காமலே ஆடினார்கள். கூலிக்கு ஆடுகிறவர்களோடு படிக்கிற பையன்கள் எத்தனை நாள் மோத முடியும்? லீக்கில் கடைசி 51 ஆட்டங்களிலும் தோல்வி. அதை மட்டும் சொல்லிச் சிரிப்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. 1914-உடன் லீக்கைவிட்டு விலகினார்கள். முதல் உலகப் போருக்குப் போன பலர் திரும்பவே இல்லை.

அப்புறமும் கிளப் அழியவில்லை. பிளாக்ஸ், புளூஸ் என்ற இரண்டு அணிகளாக விக்டோரிய அமெச்சூர் கால்பந்து சங்கப் போட்டிகளில் இன்றும் ஆடுகிறது.

வாசகர், மெல்பர்ன்