நாகசாகிக்கு யார் பதில் சொல்றது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

ஆகஸ்ட் முதல் வார இதழ்ல வந்த அணுகுண்டு கட்டுரைய படிச்சேன். நல்லா உழைச்சு எழுதியிருக்காரு, மன்ஹாட்டன் திட்டம், ஓப்பன்ஹைமர், நியூ மெக்ஸிகோ பாலைவனத்துல ஜூலை 16 சோதனைன்னு எல்லாமே வந்திருச்சு, அதுல குறை சொல்ல ஒண்ணுமில்ல. ஆனா கட்டுரைக்கு மேல பெருசா ஒரு காளான் மேகம் படம் போட்டு கீழ "ஹிரோஷிமா, 6 ஆகஸ்ட் 1945"ன்னு எழுதியிருக்கீங்களே, அது ஹிரோஷிமா இல்ல சார், நாகசாகி. மூணு நாள் கழிச்சு விமானத்துல இருந்து எடுத்தது. உங்க மேல மட்டும் தப்பு சொல்லல, இந்தப் படத்தை மாத்திப் போடுறது உலகம் பூரா நடக்குது. ஆனா என்னோட புகாரும் அதேதான். கட்டுரை முழுக்க ஹிரோஷிமா, நாகசாகிக்கு ஒரே ஒரு வரி, "9ஆம் தேதி இரண்டாவது குண்டு வீசப்பட்டது"ன்னு. அடுத்த வரியில ஜப்பான் சரணடைஞ்சாச்சு, படையெடுத்திருந்தா போயிருக்க வேண்டிய பத்து லட்சம் உயிர் தப்பிச்சாச்சு.

அந்தப் பத்து லட்சத்துக்கு முதல்ல வர்றேன். இது பிரபலமானது 1947ல, அமெரிக்கப் போர் அமைச்சரா இருந்த ஸ்டிம்சன் ஒரு பத்திரிகைல எழுதின கட்டுரை மூலமாத்தான், அதுலயும் அவர் சொன்னது செத்தவங்க காயம்பட்டவங்க எல்லாம் சேர்த்த கணக்கு. 1945 ஜூன் 18 அன்னிக்கு வெள்ளை மாளிகைல ஜனாதிபதி ட்ரூமன் முன்னாடி தளபதிங்க உக்காந்து பேசினப்ப, ஜப்பானோட கியூஷூ தீவுல இறங்கினா முதல் முப்பது நாள்ல பிலிப்பைன்ஸ்ல நடந்த லூஸான் தீவு சண்டையில ஆன சேதத்தைத் தாண்டாதுன்னு ராணுவத் தலைமைத் தளபதி மார்ஷல் சொன்னாரு, அதாவது சுமார் 31,000, அதுவும் காயம்பட்டவங்களையும் சேர்த்து. அது வெறும் முதல் மாசம் தானேன்னு கேக்கலாம், நியாயம் தான், முழுப் படையெடுப்புக்கு எவ்வளவு ஆகியிருக்கும்னு இன்னிக்கு வரைக்கும் ஆளுக்கு ஒரு கணக்கு சொல்றாங்க. சரி, பத்து லட்சம்னே வச்சுக்குவோம். அது ஹிரோஷிமாவுக்குச் சொல்ற நியாயம். நாகசாகிக்கு என்ன?

இதை யாரும் தனியா கேக்குறதே இல்ல, ரெட்டைப் பிள்ளைங்க பேரு மாதிரி ஹிரோஷிமா நாகசாகின்னு ஒரே மூச்சுல சொல்லிட்டுப் போயிடுறோம்.

நடந்ததைப் பாருங்க. இரண்டாவது குண்டுக்குன்னு தனியா ஒரு உத்தரவே கிடையாது. ஜூலை 25 தேதியிட்ட ஒரே உத்தரவு, முதல் குண்டை ஆகஸ்ட் 3க்கு அப்புறம் வானிலை பார்த்துப் போடுங்க, மத்த குண்டுங்க தயாராக ஆக போட்டுக்கிட்டே போங்கன்னு. அவ்வளவுதான். இரண்டாவதை 11ஆம் தேதி போடுறதா இருந்தாங்க, அப்ப வானம் கெட்டுப் போயிடும்னு வானிலைக்காரங்க சொல்லவும் 9ஆம் தேதிக்கு முன்னாடி இழுத்துட்டாங்க. ஜப்பான் என்ன பதில் சொல்லுதுன்னு காத்திருந்து எடுத்த முடிவு இல்ல அது, மேகத்தைப் பார்த்து எடுத்த முடிவு.

ஊரும் அது இல்ல. குண்டைத் தூக்கிட்டுப் போன பாக்ஸ்கார் விமானம் பசிபிக் கடல்ல இருக்குற டினியன் தீவுல இருந்து கிளம்பினது கோகுராங்கிற ஊருக்கு, அங்க பெரிய ஆயுதத் தொழிற்சாலை இருந்துச்சு. கிளம்புறதுக்கு முன்னாடியே ஒரு எரிபொருள் பம்ப் வேலை செய்யல, அறுநூறு கேலன் பெட்ரோல் டேங்குல இருந்தும் எடுக்க முடியாது, இருந்தாலும் போகலாம்னு முடிவு பண்ணிக் கிளம்பிட்டாங்க. வழியில படம் எடுக்குற விமானத்துக்காக வட்டம் போட்டுக் காத்திருந்ததுல இன்னும் கொஞ்சம் எரிபொருள் காலி, கோகுரா மேல போனா கீழ ஒரே மூட்டமும் புகையும், மூணு தடவை சுத்தியும் இலக்கு கண்ணுல படல, கீழ இருந்து வேற சுடுறாங்க. அதுக்கப்புறம் தான் நாகசாகி. அங்கயும் மேகம். ஒரு தடவை சுத்துறதுக்குத் தான் எரிபொருள் இருக்கு. கண்ணால பார்த்துத் தான் போடணும்னு உத்தரவு, ஆனா குண்டைத் திரும்பத் தூக்கிட்டுப் போக முடியாது, கடல்ல போடவும் மனசில்ல, ரேடார் வச்சாவது போட்டுடலாம்னு வர்றப்ப கடைசி நேரத்துல மேகத்துல ஒரு இடைவெளி தெரியுதுன்னு குண்டு போடுறவர் சொல்ல, 11 மணி 2 நிமிஷம். குறி வச்ச இடத்துல இருந்து மூணு கிலோமீட்டர் கிட்ட தள்ளி உரகாமி பள்ளத்தாக்குல வெடிச்சுது.

உரகாமி எந்த இடம்னு நினைக்கிறீங்க? மதம் தடை செஞ்ச காலத்துல இருநூறு வருஷத்துக்கு மேல ஒளிஞ்சு மறைஞ்சு ஜெபம் பண்ணின ஜப்பானியக் கிறிஸ்தவங்களோட ஊர், அவங்க கட்டின பெரிய தேவாலயம் வெடிச்ச இடத்துல இருந்து அரை கிலோமீட்டர் தான். மாதா பரலோகம் போன திருநாள் 15ஆம் தேதி வருதுன்னு அன்னிக்குக் காலையில உள்ள பாவசங்கீர்த்தனம் நடந்துக்கிட்டு இருந்துச்சு, உள்ள இருந்தவங்க யாரும் பிழைக்கல. அந்தத் தேவாலயத்தைச் சேர்ந்த சுமார் 12,000 பேர்ல 8,500 பேர் போயிட்டாங்க. ஊர் மொத்தத்துக்கும் அந்த வருஷக் கடைசிக்குள்ள 74,000ன்னு கணக்கு.

இன்னொரு கொடுமை கேளுங்க. ஹிரோஷிமா என்ன ஆச்சுன்னு பாருங்க, ஊரை விட்டு ஓடிடுங்கன்னு எச்சரிக்கை நோட்டீஸ் அடிச்சு ஜப்பான் ஊர்கள் மேல வீசினாங்கல்ல, நாகசாகி பங்கு வந்து விழுந்தது 10ஆம் தேதி. குண்டு விழுந்த மறுநாள்!

எதிர்த்தரப்பு வாதமும் எனக்குத் தெரியும். அமெரிக்காகிட்ட ஒரே ஒரு குண்டு தான் இருந்திருக்கும்னு டோக்கியோல சில தளபதிங்க நினைச்சாங்க, அதை உடைக்க இரண்டாவது தேவைப்பட்டுச்சுன்னு சொல்லுவாங்க. அந்த ராணுவம் சீனாவுலயும் கொரியாவுலயும் செஞ்சதை மறந்துட்டும் நான் பேசல. ஆனா 9ஆம் தேதி காலையில டோக்கியோல உச்சப் போர்க் குழு கூடினதே சோவியத் படை நள்ளிரவுல ஜப்பான் பிடிச்சு வச்சிருந்த மஞ்சூரியாவுக்குள்ள நுழைஞ்சதுக்கு அப்புறம் தான். கூட்டம் நடந்துக்கிட்டு இருக்கும்போதே நாகசாகி சேதி வருது, வந்தும் சரணடையுற நிபந்தனை பத்தி மூணுக்கு மூணுன்னு பிரிஞ்சு நின்னவங்க அப்படியே தான் நின்னாங்க, கடைசியில சக்கரவர்த்தி தலையிட்டுத் தான் முடிவாச்சு. நியூரம்பெர்க் விசாரணைகள்ல அமெரிக்கத் தலைமை வழக்கறிஞரா இருந்த டெல்ஃபோர்ட் டெய்லரே ஹிரோஷிமா பத்தி வாதாடலாம், நாகசாகிக்கு ஏத்துக்கற மாதிரி ஒரு நியாயத்தை நான் கேட்டதே இல்லன்னு சொல்லியிருக்காரு. அவரு ஜப்பான்காரர் இல்ல, போர்க் குற்றத்துக்காக நாஜிகள் மேல வழக்கு நடத்தின அமெரிக்கர்.

10ஆம் தேதி தான் ட்ரூமன், இனிமே என் நேரடி உத்தரவு இல்லாம ஒரு குண்டும் விழக்கூடாதுன்னாரு. இன்னொரு லட்சம் பேரைக் கொல்றத, அதுலயும் அத்தனை குழந்தைங்களை, நினைச்சாலே தாங்கலன்னு அவர் சொன்னதா அமைச்சர் வாலஸ் அன்னிக்கு டைரியில எழுதி வச்சிருக்காரு. அதாவது நாகசாகி விழுந்தப்புறம் தான் பிரேக் எங்க இருக்குன்னு தேடியிருக்காங்க. அமெரிக்காவுல அணுகுண்டு போடுற அதிகாரம் ஜனாதிபதி ஒருத்தர் கையில இருக்கிறது இந்த ஒரு வரி உத்தரவுல தான் ஆரம்பிச்சுது, அதுவும் போடுறதுக்குக் குடுத்த அதிகாரமா இல்லாம நிறுத்துறதுக்காக வந்த உத்தரவு. உங்க கட்டுரையாளர் "ட்ரூமனின் முடிவு"ன்னு நாலு இடத்துல எழுதுறாரு. ட்ரூமன் உக்காந்து யோசிச்சு எடுத்த முடிவுன்னா எனக்குத் தெரிஞ்சு இது ஒண்ணு தான்.

கட்டுரையாளர்கிட்ட நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணு. 9ஆம் தேதி போகாம 11 வரைக்கும், இல்ல 14 வரைக்கும் பொறுத்திருந்தா எந்தப் போர் தோத்துப் போயிருக்கும்? கியூஷூ படையெடுப்புக்குக் குறிச்ச தேதியே நவம்பர் 1. அடுத்த இதழ்ல பதில் எழுதினா சந்தோஷம், காட்டமா எழுதினாலும் பரவாயில்ல.

இப்படிக்கு,
ஒரு வாசகன், தென்காசி

பி.கு: ரெண்டு ஊர்லயும் செத்தவங்கள்ல ஆயிரக்கணக்குல கொரியாக்காரங்க, நிறைய பேர் கட்டாய வேலைக்குக் கொண்டு போனவங்க. கட்டுரையில அவங்க பேச்சே இல்ல. ஹிரோஷிமால அவங்களுக்கு 1970ல நினைவுச்சின்னம் வச்சதே அமைதிப் பூங்காவுக்கு வெளிய தான், உள்ள கொண்டு வந்தது 1999ல. இதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்க.