நொதித்த சோயாவும் இரத்தக் கொழுப்பும்: எவ்வளவு குறையும்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நொதிக்க வைத்த சோயா உணவுகள் இரத்தக் கொழுப்பை (கொலஸ்ட்ரால்) ‘கரைத்துவிடும்’ என்று கூறும் கட்டுரையைத் தங்கள் இதழின் நலவாழ்வுப் பகுதியில் படித்தேன். ஜப்பானியரின் நாட்டோவையும் மிசோவையும், இந்தோனேசியரின் தெம்பேயையும் தமிழ் வாசகர்களுக்கு அறிமுகப்படுத்தியது நல்ல பணியே. ஆயினும், கொழுப்பு எவ்வளவு குறையும் என்பதற்கு அக்கட்டுரையில் ஓர் எண்கூட இல்லை. மருத்துவர் கொடுத்த மாத்திரையை அதை நம்பி யாரேனும் நிறுத்திவிடக்கூடும் என்பதால் இதை எழுதுகிறேன்.

சோயாப் புரதம் கெட்ட கொழுப்பான எல்டிஎல்-ஐ ஏறத்தாழ 13 விழுக்காடு குறைப்பதாக பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 1995-ல் வெளியான ஒரு தொகுப்பாய்வு கூறியது. அதன்பின் 1999-ல், நாளொன்றுக்கு 25 கிராம் சோயாப் புரதம் இதயநோய் அபாயத்தைக் குறைக்கக்கூடும் என்று உணவுப் பொட்டலங்களில் அச்சிட அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அனுமதித்தது. அடுத்தடுத்து வந்த ஆய்வுகளில் அந்த 13 நிலைக்கவில்லை. 2006-ல் அமெரிக்க இதயச் சங்கம் அதைச் சுமார் 3 விழுக்காடாக மதிப்பிட்டது. அனுமதி கொடுத்த நிர்வாகமே 2017-ல் அந்த அனுமதியைத் திரும்பப் பெற முன்மொழிந்தது. எல்டிஎல் 160 உள்ள ஒருவருக்கு அந்த 3 விழுக்காடு சுமார் ஐந்து புள்ளிகள்தான். கொழுப்பைக் குறைக்கத் தரப்படும் ஸ்டாட்டின் மாத்திரை நடுத்தர அளவிலேயே 30 விழுக்காட்டுக்கு மேல் குறைக்கும். அந்த ஐந்து புள்ளிகளுக்கும் 25 கிராம் புரதம் வேண்டும். நாட்டோவில் அதைப் பெற நாள்தோறும் சுமார் 150 கிராம், அதாவது ஜப்பானியக் கடைகளில் விற்கும் சிறு பொட்டலங்களில் மூன்றுக்கும் மேல் உண்ண வேண்டும். ஜப்பானியரே அவ்வளவு உண்பதில்லை.

நொதித்தல் பயனற்றது என்று நான் சொல்லவில்லை. சோயாப் புரதம் செரிக்கும்போது உண்டாகும் சில துண்டுகள் குடலில் பித்த அமிலங்களைப் பற்றிக்கொண்டு கழிவோடு வெளியேறுகின்றன. இழந்த பித்த அமிலத்தை மீண்டும் உருவாக்கக் கல்லீரல் இரத்தத்திலிருந்து கொழுப்பை ஈர்த்துக்கொள்கிறது என்பது ஏற்கத்தக்க விளக்கம். நாட்டோவில் பேசில்லஸ் சப்டிலிஸ் என்னும் நுண்ணுயிரும், தெம்பேயில் ரைசோபஸ் என்னும் பூஞ்சையும் இப்புரதத்தை முன்னதாகவே உடைத்துவைப்பதோடு, ஐசோஃப்ளேவோன்கள் என்னும் சோயாச் சேர்மங்களோடு ஒட்டியிருக்கும் சர்க்கரையையும் ஓரளவு நீக்கி அவை எளிதில் உட்கிரகிக்கப்பட வழிசெய்கின்றன. ஆனால், ஒரு பொருள் விரைவாக உட்கிரகிக்கப்படுவதாலேயே கொழுப்பும் கூடுதலாகக் குறையும் என்று கொள்வது தாவிச் செல்லும் வாதம். கொழுப்பு வளர்சிதை மாற்றம் குறித்துக் கட்டுரை வியந்து பேசும் முடிவுகளில் பெரும்பகுதி, கொழுப்பு மிகுந்த தீனி கொடுக்கப்பட்ட எலிகளில் கண்டவை. கட்டுரையாளர் ஓர் இடத்திலாவது ‘எலி’ என்று எழுதியிருக்கலாம்.

மனிதரிடம் கிடைத்த நல்ல சான்று ஒன்று உண்டு. சுமார் 93,000 ஜப்பானியரைப் பல்லாண்டுகள் பின்தொடர்ந்து 2020-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியான ஆய்வில், நொதித்த சோயாவை மிகுதியாக உண்டவர்களிடையே இறப்பு விகிதம் ஏறத்தாழ 10 விழுக்காடு குறைவாக இருந்தது. மொத்த சோயா அளவோடு அத்தகைய தொடர்பு தென்படவில்லை. ஆயினும் இது உணவுப் பழக்கத்தைக் கேட்டறிந்து செய்த ஆய்வு. நாட்டோ உண்பவர் வேறு பல நல்ல பழக்கங்களும் உடையவராக இருக்கலாம். தவிர, அது கொழுப்பின் வழியாகவே நிகழ்ந்தது என்று அந்த ஆய்வு நிறுவவில்லை.

‘இயற்கை ஸ்டாட்டின்’ என்று கட்டுரை கூறுவது சோயாவுக்குரியதன்று. ஜப்பானிய உயிர்வேதியியலாளர் அகிரா எண்டோ 1979-ல் மொனாஸ்கஸ் பூஞ்சையிலிருந்து பிரித்தெடுத்த மொனாகோலின்-கே, லோவாஸ்டாட்டின் என்னும் ஸ்டாட்டின் மருந்தேதான். அப்பூஞ்சை வளர்வது சிவப்பாக நொதிக்க வைக்கும் அரிசியில். மிசோவைத் தயாரிக்கும் ஆஸ்பெர்ஜில்லஸ் ஒரைசே வேறு பூஞ்சை. மிசோவில் உப்பும் பத்து விழுக்காட்டுக்கு மேல் இருப்பதுண்டு என்பதை இரத்த அழுத்தம் உள்ளவர்கள் அறிய வேண்டும். நம் சமையலறைகளில் உள்ள மீல்மேக்கர் எண்ணெய் நீக்கிய சோயா மாவில் செய்தது, நொதித்ததன்று. அக்கட்டுரையின் வாதங்கள் அதற்குப் பொருந்தா.

கட்டுரை விட்டுவிட்டவற்றில் மிக முக்கியமானது ஒன்று. நாட்டோவில் பேசில்லஸ் உண்டாக்கும் வைட்டமின் கே2 மிக அதிகம். அது வார்ஃபரின் போன்ற இரத்த உறைவுத் தடுப்பு மருந்தின் வேலையை நேரடியாக முறிக்கும். ஜப்பானில் வார்ஃபரின் உண்பவர்களிடம் நாட்டோவைத் தவிர்க்கும்படி மருத்துவர்கள் அறிவுறுத்துகிறார்கள். செயற்கை இதய வால்வு பொருத்தப்பட்டு இத்தகைய மாத்திரைகளை வாழ்நாள் முழுவதும் உண்போர் நம்மிடையேயும் இருக்கிறார்கள். சிக்கிமின் கினெமா, மணிப்பூரின் ஹவாய்ஜார், நாகாலாந்தின் அகுனி முதலியவையும் பேசில்லஸ் வகையால் நொதிப்பவையே என்பதால், அவற்றை உண்ணத் தொடங்குமுன்னும் அவர்கள் மருத்துவரைக் கேட்பது நல்லது. இந்த எச்சரிக்கையை மட்டுமாவது அடுத்த இதழில், அதே பக்கத்தில், தனிப் பெட்டிச் செய்தியாக வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உயிர்வேதியியல் ஆசிரியர்,
திருச்சி.