பழைய காரும் கீமோ தேதியும்

ஆசிரியருக்கு வணக்கம்.

அம்பாசிடர், பிரீமியர் பத்மினி கார்களை வீட்டிலேயே புதுப்பிப்பவர்கள் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையில் ஒன்று விடுபட்டிருந்தது. மனைவியோ கணவரோ புற்றுநோய்ச் சிகிச்சையில் இருக்கும் வீடுகளிலும் இந்த வேலை நடக்கிறது. காரைத் தலைமுழுகச் சொல்லும் உறவினர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நோயாளியைப் பார்த்துக்கொள்பவருக்கும் மனம் ஊன்ற ஒரு வேலை வேண்டும். எந்த வேலையை எப்போது செய்வது என்பதைக் கீமோ தேதிதான் முடிவு செய்ய வேண்டும்.

மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஏற்றும் பல மருந்துகளில் மருந்து ஏற்றியதிலிருந்து 7ஆம் நாள் தொடங்கி 14ஆம் நாள் வரை, கிருமிகளை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்திருக்கும். அந்த வாரத்தில் சீட்டில் கையே வைக்கக் கூடாது. ரெக்சினைக் கிழித்தால் ஸ்பிரிங் மேல் இருக்கும் தேங்காய் நார் கறுத்துப்போய்ப் பொடியாக உதிரும்; எலிப்புழுக்கையும் பூஞ்சையும் அதோடு பறக்கும். நம்மைத் தும்ம வைத்துவிட்டுப் போகும் ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சை, அணுக்கள் குறைந்தவரின் நுரையீரலில் வேர்விட்டால் உயிருக்கே ஆபத்து. சீட், தரைவிரிப்பு, கூரைத்துணி மூன்றையும் முதல் கீமோவுக்கு முன்பே கழற்றி அனுப்பிவிடுங்கள். சிகிச்சை தொடங்கிவிட்டதா, காரையே குஷன் கடையில் விட்டுப் பிரிக்கச் சொல்லுங்கள்.

பழைய பிரேக் லைனிங்கில், தூசியாக மூச்சில் போனால் புற்றுநோய் தரும் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு என்றே வைத்துக்கொள்ள வேண்டும். பிரேக் டிரம்மைக் கழற்றியதும் ஏர் அடித்து ஊதுவது பட்டறைப் பழக்கம். வீட்டில் அது வேண்டவே வேண்டாம். சோப்புத் தண்ணீர் தெளித்து, ஈரத்துணியால் துடைத்து, துணியைக் கவரில் கட்டி எறியுங்கள். சக்கரத்தின் உள்ளே பிரேக்கைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை விலக்கிப் பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால் அதன் ரப்பர் கிட்டை மாற்ற வேண்டும். சிலிண்டரின் ரப்பர்களைப் பெட்ரோலில் கழுவினால் ஊதிவிடும், பிறகு பிடித்த பிரேக் விடாது. பிரேக் ஆயிலில் மட்டுமே கழுவுங்கள்.

பழைய பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும். உப்புத்தாளால் உலரத் தேய்க்காமல், வாட்டர் பேப்பரில் தண்ணீர் விட்டுத் தேய்ப்பதே பாதுகாப்பு. ஹார்டனர் கலந்து அடிக்கும் பி.யு. (பாலியூரிதேன்) பெயிண்டில், நுரையீரலைக் கெடுக்கும் ஐசோசயனேட் இருக்கிறது. துணி மாஸ்க் அதைத் தடுக்காது. அதைப் பெயிண்ட் பூத் உள்ள பட்டறையில்தான் அடிக்க வேண்டும். தின்னர், பெட்ரோல் வாடை பட்டாலே கீமோ எடுப்பவருக்குக் குமட்டும். பெட்ரோலில் உள்ள பென்சீன் புற்றுநோயையே உண்டாக்கும் பொருள், ஆகவே கார்புரேட்டரைக் கழுவும்போது கையுறை போடுங்கள். வேலை உடுப்பை வெளியிலேயே மாற்றித் தனியாகத் துவையுங்கள்.

அணுக்கள் குறையும் வாரத்துக்கென்று தூசியும் வாடையும் இல்லாத வேலைகளை ஒதுக்கி வையுங்கள். ஒயரிங் பார்க்கலாம், ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டிஸ்டிரிபியூட்டரின் பாயிண்ட்டைச் சரிசெய்யலாம். அம்பாசிடரின் 1489 சிசி பெட்ரோல் இன்ஜினுக்குப் பாயிண்ட் இடைவெளி 0.014 முதல் 0.016 அங்குலம். டிஸ்டிரிபியூட்டரையே கழற்றுவதானால், அதற்கு முன் அதனுள் சுழலும் ரோட்டர் நிற்கும் திசையையும் டிஸ்டிரிபியூட்டர் பாடி நிற்கும் இடத்தையும் கோடு போட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் தீப்பொறி விழும் டைமிங் தொலைந்துவிடும்.

இன்ஜின், பிரேக், பாடி என்று எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பிரித்துப் போடாதீர்கள். கீமோ காலத்தில் காய்ச்சல் 100.4 டிகிரி பாரன்ஹீட்டைத் தொட்டால் அது அவசரநிலை. பாராசிட்டமால் கொடுத்து விடியும்வரை காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். பல வீடுகளில் கேட் ஒன்றுதான். சக்கரம் கழற்றி ஜாக்கி ஸ்டாண்டில் நிற்கும் கார் அதன் குறுக்கே இருந்தால் மற்ற வண்டியை வெளியே எடுக்க முடியாது. பழைய காரை எப்போதும் உள்பக்கம் நிறுத்துங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கோயம்புத்தூர்