பீடத்தில் பட்டியல் வேண்டாம்: சபைக் கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

கிருஷ்ணகிரி வட்டாரத்தில் உள்ள எங்கள் சபையின் ஆயர் ஐயா அவர்களுக்கும் கமிட்டி அங்கத்தினர்களுக்கும்,

கர்த்தருக்குள் ஸ்தோத்திரம்.

அறுப்பின் பண்டிகை ஆராதனையில் காணிக்கைப் பட்டியல் வாசிக்கப்பட்ட விதம் தங்கள் அனைவருக்கும் தெரியும். பெரிய தொகையில் தொடங்கி இறங்கு வரிசையில் வாசித்தீர்கள். 25,000 ரூபாய்க்குக் கைதட்டினார்கள். 500-க்குக் கீழே வந்ததும் வாசித்தவரே குரலைத் தாழ்த்தி வேகமாக ஓட்டினார். கடைசிப் பெயர் மாங்கூழ் ஆலையில் சீசன் வேலைக்குப் போகும் ஒரு விதவைத் தாயாருடையது. சீசன் முடிந்து வேலையற்றிருக்கும் மாதத்தில் அவர் கொடுத்த தொகை 100 ரூபாய். அதைச் சொல்லும்போது ஒலிபெருக்கியில் சின்னதாக ஒரு சிரிப்பும் சேர்ந்து கேட்டது. கெட்ட எண்ணத்தோடு சிரித்ததாக நான் சொல்லவில்லை. ஆனால் எனக்கு இரண்டு வரிசை முன்னால் அமர்ந்திருந்த அந்தத் தாயார், முந்தானையில் முடிந்து வைத்திருந்த பஸ் காசைக் கையால் பொத்திக்கொண்டு, ஆசீர்வாதம் கூறுவதற்கு முன்பே பக்கவாசல் வழியாக வெளியேறியதை நான் பார்த்தேன். அதற்குப் பிறகு அவர் ஆராதனைக்கு வரவில்லை.

இரண்டு காசு போட்ட ஏழை விதவையைப் பற்றி மாற்கு 12-ஆம் அதிகாரத்தில் எத்தனையோ முறை வாசித்திருக்கிறோம். அங்கே காணிக்கைப் பெட்டிக்கு எதிராக உட்கார்ந்து பார்த்தவர் ஆண்டவர். இங்கே அந்த இடத்தில் ஒலிபெருக்கியை வைத்திருக்கிறோம்.

என்னைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மூன்று ஆண்டுகளுக்கு முன் என் காணிக்கை 500 ரூபாய். பக்கத்து வீட்டுக்காரர் பெயருக்கு 1,000 என்று வாசிக்கக் கேட்டதும், அடுத்த ஆண்டு நான் 1,500 எழுதினேன். கர்த்தர் ஏவினார் என்று வீட்டில் சொன்னேன். ஜெபத்திலும் அப்படியே சொன்னேன். இந்த ஆண்டு பிரசங்கத்தின் வசனம்கூட எனக்கு நினைவில்லை; என் பெயர் எப்போது வரும் என்றுதான் காது காத்திருந்தது. அந்தத் தாயார் எழுந்து போனபோதுதான் எனக்கு உறைத்தது.

நம் பக்கத்து மாந்தோப்புக்காரர்களுக்கு இது புரியும். அறுத்துப் பார்த்தால் கொட்டைக்குள் வண்டு இருக்கும், தோலில் துளை இருக்காது. காய் இளசாக இருக்கும்போதே தாய் வண்டு தோல்மீது முட்டை வைத்துவிடுகிறது. புழு உள்ளே போன வழி காய் பருக்கப் பருக்க மூடிக்கொள்கிறது. குடியும் சூதும் வெளியே தெரியும் துளைகள் என்பதால், லெந்து என்னும் தவக்கால நாட்கள் முழுவதும் அவற்றைக் கண்டித்துப் பிரசங்கம் கேட்கிறோம். கொடுக்கிற கைக்குள்ளேயே புகுந்துகொள்ளும் பெருமைக்கோ நாமே ஒலிபெருக்கி பிடிக்கிறோம். ‘மனுஷர் காணவேண்டுமென்று அவர்களுக்கு முன்பாக உங்கள் தர்மத்தைச் செய்யாதபடிக்கு எச்சரிக்கையாயிருங்கள்’ என்று மத்தேயு 6-ஆம் அதிகாரம் தொடங்குகிறது. எச்சரிக்கை என்ற சொல்லை ஆண்டவர் அங்கே தர்மம் செய்கிறவர்களைப் பார்த்துத்தான் சொல்கிறார்.

ஆகவே, பெயரையும் தொகையையும் பீடத்தில் வாசிப்பதை நிறுத்துங்கள் என்று கேட்கிறேன்.

கடந்த உபவாசக் கூட்டத்துக்கு வாசலில் வைத்த ஃபிளெக்ஸில் ‘விழித்திருங்கள்’ என்ற சொல் ஒரு மூலையில் இருந்தது. உபயதாரர்களின் படங்கள் ஆளுயரத்துக்கு இருந்தன. கருங்கல்லுக்குப் பெயர் பெற்ற மாவட்டம் என்பதற்காக ஜன்னலுக்கு ஒரு கல்வெட்டு வைக்க வேண்டுமா? மின்விசிறியின் இறக்கையில்கூட ‘அன்பளிப்பு’ என்று எழுதியாயிற்று. சுற்றும்போது பெயரைப் படிக்க முடியவில்லை என்பதால், கொடுத்தவர்கள் மின்தடைக்காகக் காத்திருக்கிறார்களோ என்னவோ. மன்னிக்க வேண்டும், கேட்க வந்ததை விட்டு விலகிவிட்டேன்.

பட்டியல் வாசிக்காவிட்டால் வரவு குறையும் என்று கமிட்டியில் ஒருவர் என்னிடமே சொன்னார். குறையட்டும் ஐயா. குறைகிற தொகை எவ்வளவோ, அவ்வளவும் இத்தனை நாளாக யாருக்காகக் கொடுக்கப்பட்டது என்று அப்போது தெரிந்துவிடும். கணக்கை மறைக்கச் சொல்லவில்லை. கொடுத்தவருக்கு ரசீது கொடுங்கள், மொத்த வரவையும் செலவையும் ஆண்டுக் கூட்டத்தில் வையுங்கள், தணிக்கை செய்யுங்கள்.

விடுபட்ட பெயர்கள் வரும் ஞாயிறு வாசிக்கப்படும் என்று அறிவித்திருக்கிறீர்கள். தயவுசெய்து வாசிக்க வேண்டாம். விடுபட்டவற்றுள் ஒன்று என் மகனுடையது. அதையும் வாசிக்க வேண்டாம். அந்த நேரத்தைச் சபையார் முழங்காலில் நிற்க விட்டுவிடுங்கள். ஞாயிறு வருவதற்குள் ஆயர் ஐயா அந்தத் தாயாரின் வீட்டுக்கு ஒருமுறை போய்வர வேண்டும் என்றும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். கூப்பிட்டால் நானும் உடன் வருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் சபையின் அங்கத்தினன்